கனம் பொருந்திய பெட்டிகள்

மந்திரிகளின் பெயருக்கு முன்னால் ‘கனம்’ என்று போட்டு எழுதும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. ‘கனம் மந்திரி அவர்கள் விஜயம்’ என்று படித்துவிட்டு, “எத்தனை மணங்கு இருப்பார்?” என்று எந்தக் குழந்தையாவது கேட்டால் அதன் தலையில் ஒரு குட்டு விழும். அந்தக் கனம் வேறு, தராசில் நிற்கிற கனம் வேறு.

ஆனால் பெண்களாகிய நமக்குக் கனம் என்றால் ஒரே அர்த்தந்தான். பாத்திரக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் மெருகைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். நாம் அதைக் காதில் வாங்காமல், வெண்கலப் பானையைக் கையில் எடுத்து ஒரு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கிறோம். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. இலேசாக இருந்தால் வெறும் தகடு. இந்தப் பரீட்சையில் தேறாத பாத்திரம் நம் வீட்டு வாசற்படி ஏறாது.

இதே சாஸ்திரத்தை டெலிவிஷன் பெட்டிக்கும் பிரயோகித்தவள் என் நாத்தனார். “பழைய பெட்டி என்ன கனம், என்ன கனம்! இப்போது வருவதெல்லாம் அப்பளம், அண்ணி!” என்பாள். அவள் 2003-ஆம் வருஷம் வாங்கிய 29 அங்குலப் பெட்டியை நான்கு பேர் மூச்சுப் பிடித்து மாடிக்கு ஏற்றினார்கள். அதை அவள் சொல்லும்போது, தேர் நிலைக்கு வந்த கதையைச் சொல்வது போல இருக்கும்.

பெட்டிக்குப் பெட்டி ஏன் இந்தக் கன வித்தியாசம் என்று எனக்கும் வெகு நாளாக ஒரு கேள்வி உண்டு. சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது அதற்கு எட்டு வருஷம் கழித்து. கறுப்பு வெள்ளைப் படம்; தேக்குப் பூச்சு அடித்த மரப் பெட்டி; முன்னால் இரண்டு பக்கமும் தள்ளுகிற மடக்குக் கதவு. மாமனார் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ ஆரம்பிக்கும்போது அந்தக் கதவைச் சந்நிதி திறப்பது போலத் திறப்பார். அதன் கனமெல்லாம் பெரும்பாலும் மரத்தில். மீதிக் கனத்தை ஒரு நாள் மெக்கானிக் பின்பலகையைக் கழற்றியபோது பார்த்தேன். ஒரு மூலையில் செங்கல் அளவுக்கு ஓர் இரும்புக் கட்டி, செம்புக் கம்பி சுற்றி உட்கார்ந்திருந்தது. “டிரான்ஸ்பார்மர், அம்மா. கரண்டை இதுதான் பெட்டிக்கு ஏற்றாற்போல் மாற்றிக் கொடுக்கும்” என்றார்.

பிறகு வந்த பெட்டிகளில் அந்த இரும்புக் கட்டி இல்லை. காரணம் வேடிக்கையானது. நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் விநாடிக்கு 50 தடவை போய்த் திரும்புகிறது. கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடை குறைவாக இருந்தால் பெரிய குடம் வேண்டும். ஓட்டமாக ஓடி ஓடிச் சுமந்தால் ஒரு சின்னச் சொம்பே போதும். புதிய முறையில் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை ஓட விட்டார்கள். உடனே குடம் சொம்பாகிவிட்டது! மரமும் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. கனம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டுமா, இல்லையா? ஆனால் 1991-ல் நாங்கள் வாங்கிய 21 அங்குல வண்ணப் பெட்டி, பிளாஸ்டிக் மேனியோடும் இருபது கிலோவுக்குக் குறையாமல் இருந்தது. அதுவும் பின்னால் நின்று தூக்கினால் சுலபமாகத் தெரிந்து, முன்பக்கம் தூக்குகிறவரின் முதுகை ஒடித்தது.

எல்லாம் அந்தப் பிக்சர் டியூபின் வேலை. “டியூப் போச்சு” என்று மெக்கானிக் சொன்னால் வீடே துக்கம் கொண்டாடுமே, அந்த டியூப்தான். மின்சாரத் துகள்கள் அதன் குறுகிய கழுத்திலிருந்து புறப்பட்டு, வழியில் எதிலும் முட்டிக்கொள்ளாமல் திரைக்கு வந்து சேர வேண்டும். காற்று இருந்தால் முட்டிக்கொள்ளும். ஆகவே உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இத்தனை கனத்துக்கும் காரணம்!

எப்படி என்று கேட்பீர்கள். நம்மைச் சுற்றியிருக்கும் காற்று சும்மா இருப்பது போலத் தோன்றினாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் எல்லாவற்றையும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. உள்ளங்கை அளவு இடத்தில் சுமார் நூறு கிலோ. நமக்குள்ளும் அதே அழுத்தம் இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பிக்சர் டியூபுக்குள்தான் எதிர்த்துத் தள்ள யாரும் இல்லையே? 21 அங்குலத் திரையின் மேல் ஒரு டன்னுக்கு மேல் பாரம். 29 அங்குலத் திரை என்றால் இரண்டு டன்னுக்கு மேல். நாம் காபியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ராமாயணம் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு யானையைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

பிரஷர் குக்கரில் உள்ளே இருப்பது வெளியே வரப் பார்க்கிறது. இதில் வெளியே இருப்பது உள்ளே நுழையப் பார்க்கிறது. ஆகவே கண்ணாடி தடிமனாக இருந்தாக வேண்டும். முக்கியமாக முன்பக்கம். டியூபின் விளிம்பைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டையை வேறு இறுக்கிக் கட்டியிருப்பார்கள், பீப்பாய்க்குப் பூண் போடுவது போல.

பழைய காலத்துத் திரைகள் நடுவில் சற்று உப்பி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? அழகுக்காக அல்ல. பாலத்துக்குக் கமான் வளைவு கட்டுகிற சூட்சுமந்தான் அது. வளைந்திருந்தால் பாரத்தை ஓரத்துக்குத் தள்ளிவிடும். 1990-களின் கடைசியில் ‘பிளாட்’ பெட்டி என்று ஒரு மோகம் வந்தது. திரை பலகை போல மட்டமாக இருக்க வேண்டுமாம். வளைவின் பலம் போய்விட்டால் அதைத் தடிமனால்தானே ஈடுகட்ட வேண்டும்? கண்ணாடியை இன்னும் கனமாக வார்த்தார்கள். ஆகவே ஒரே அளவுப் பெட்டிகள் இரண்டில், மட்டத் திரை உள்ளதே கூடுதல் கனம். என் நாத்தனார் வாங்கியது அந்த ஜாதி.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-லிருந்து தமிழ்நாட்டரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டி பத்துக் கிலோ அளவில்தான் இருக்கும். அதை வாங்கி, குடத்தைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துபோன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். 29 அங்குலம் அதற்கு இரண்டு பங்குதானே, இருபது கிலோ இருக்குமா என்றால், நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல் போய் நிற்கும். கோலத்தை எல்லாப் பக்கமும் இரட்டிப்பாகப் போட்டு உள்ளே காவி பூசிப் பாருங்கள். காவி இரண்டு பங்கு அல்ல, நான்கு பங்கு செலவாகும். இங்கே கண்ணாடியின் தடிமனும் கூடிப் போகிறதே! 1980-களின் கடைசியில் ஜப்பானின் சோனி கம்பெனி இந்த டியூபிலேயே 43 அங்குலப் பெட்டி ஒன்று செய்தது. அதன் எடை சுமார் 200 கிலோ. அதற்கு மேல் டியூபைப் பெரிதாக்குவது மனிதர்களால் சுமக்கிற காரியமாக இல்லை.

இனி, அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடியும் அல்ல. வண்ணப் பெட்டியில் துகள்களை விரட்டுவதற்குச் சுமார் 25,000 வோல்ட் வேண்டும். அத்தனை வேகத்தில் வந்து மோதும்போது கொஞ்சம் எக்ஸ்ரே கதிரும் கிளம்புகிறது. 1967-ல் அமெரிக்காவில் சில வண்ணப் பெட்டிகளிலிருந்து இது கசிகிறது என்று தெரிந்து பெரிய அமர்க்களமாகி, மறு வருஷமே அதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். கதிரைத் தடுக்கக் கனமான உலோகம் கண்ணாடியில் கலந்திருக்க வேண்டும். புனல் போன்ற பின்பாகத்தில் ஈயம் கலக்கிறார்கள், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. முன்பக்கம் ஈயம் கலந்தால் நாளடைவில் பழுப்பேறும் என்பதால் அங்கே பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும். பெரிய டியூபில் ஈயம் மட்டுமே ஒரு கிலோவுக்குக் குறையாது. உள்ளே வர்ணம் பிரிப்பதற்கு ஓர் இரும்புச் சல்லடைத் தகடு, கழுத்தைச் சுற்றிச் செம்புச் சுருள். ஸ்விட்சைப் போட்டவுடன் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் வந்து திரை நடுங்குமே, அது இந்த இரும்புத் தகட்டில் ஏறியிருந்த காந்தத்தைக் கலைக்கிற சத்தம். அதற்கும் ஒரு செம்புச் சுருள்! கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு இந்தச் சல்லடைத் தகடும் காந்தம் கலைக்கிற சுருளும் கிடையாது.

இத்தனையும் சொல்லக் காரணம், 2023 தீபாவளி.

திருச்சியில் நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். அவளுடைய 29 அங்குலம் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூன்று இழுப்பறைகள் வைத்த ஓர் உயரமான மேஜையின் மேல், பூத்தையல் போட்ட துணி விரித்து, அதை ஸ்தாபித்திருந்தாள். அவள் பேரனுக்கு இரண்டரை வயது. பெட்டியின் தலையில் ஒரு கொண்டப்பள்ளி யானை பொம்மை. நாங்கள் சமையலறையில் இருந்தோம். கூடத்தில் என் கணவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

குழந்தை கீழ் இழுப்பறையை இழுத்து அதில் ஏறி நின்றான். அடுத்ததையும் இழுத்தான். படிக்கட்டு கிடைத்துவிட்டது! மூன்றாவதில் கை வைத்தபோது மேஜை முன்னால் சாய்ந்திருக்கிறது. என் கணவர் பத்திரிகையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, நழுவி வந்த பெட்டிக்குத் தோளைக் கொடுத்தார். அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடி வந்தோம். நாத்தனாரின் மருமகன் குழந்தையை வாரி எடுத்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது. யானை மட்டும் தரையில் கழுத்தொடிந்து கிடந்தது.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பெட்டியை மூன்று பேராகத் தரையில் இறக்கினார்கள். நாத்தனார் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாதவள் போல நின்றாள். அவள் கை நடுங்கியது.

“இத்தனை கனமான பெட்டி எப்படி அண்ணி சாயும்? மலை மாதிரி அசையாது என்றுதானே வைத்திருந்தேன்?” என்றாள் கடைசியில்.

அசையாமல் இருப்பதற்குக் கனம் மாத்திரம் போதாது. அது எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். இந்தப் பெட்டியின் கனமெல்லாம் முகத்தில். பின்பக்கம் பெரிதாக உப்பியிருக்கிறதே தவிர, உள்ளே முக்கால்வாசி வெற்றிடம். தடித்த கண்ணாடி முன்னால் இருப்பதால் பெட்டி எப்போதும் குப்புற விழத் தயாராகவே உட்கார்ந்திருக்கிறது. இழுப்பறைகள் வெளியே வந்து, அவற்றின் மேல் பன்னிரண்டு கிலோக் குழந்தையும் ஏறினால், மேஜைக்கு வேறு வழி என்ன? சுமை தூக்குகிறவர்கள் திரையைத் தங்கள் மார்போடு அணைத்துத்தான் தூக்குவார்கள், கவனித்திருக்கிறீர்களா? கனம் எந்தப் பக்கம் என்று அவர்கள் உடம்புக்குத் தெரியும். நாற்பத்தைந்து கிலோ, நான்கடி உயரத்திலிருந்து... சரி, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதிரி விபத்துக்கள் உலகமெங்கும் நடக்கின்றன. அமெரிக்காவில் மேஜையையும் பெட்டியையும் சுவரோடு பிணைத்து வைக்கச் சொல்லி, அரசாங்கமே 2015-ல் ஒரு பிரசாரம் ஆரம்பித்தது.

என் கணவரின் தோள் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று.

மறுநாளே புதுப் பெட்டி வாங்கக் கிளம்பினோம். கடையிலும் நாத்தனார் பழைய வழக்கத்தை விடவில்லை. இரண்டு கம்பெனிப் பெட்டிகளை ஓரத்தில் தூக்கிப் பார்த்து, “இது கனமாக இருக்கிறது, இதுதான் நல்லது” என்றாள். விற்பனைக்கு நின்ற பையன் முழித்தான். புதுப் பெட்டியில் வெற்றிடம் கிடையாது. காற்றை எதிர்த்துத் தாங்க வேண்டிய வேலையே இல்லாததால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இரண்டு கண்ணாடித் தகடுகள் போதும். அவற்றுக்கு நடுவில் ஒரு திரவப் பொருள். பின்னால் சின்னச் சின்ன விளக்குகள். ஒரு பெட்டி இன்னொன்றைவிடக் கனமாக இருந்தால், முதுகு தகரமா பிளாஸ்டிக்கா, கால் இரும்பா, ஒலிபெருக்கி பெரிதா, இவைதாம் விஷயம். படத்துக்கும் கனத்துக்கும் சம்பந்தம் இல்லை. நடுவில் சில வருஷம் பிளாஸ்மா என்று ஒன்று வந்துபோனதே, அது மட்டும் தடித்த கண்ணாடி இரண்டு வைத்து, 42 அங்குலத்துக்கு 30 கிலோ இருந்தது.

நாத்தனார் வாங்கியது 43 அங்குலம். சோனியின் பழைய ராட்சதனுக்கு 200 கிலோ என்றேனே, அதே அளவு. எடை எட்டுக் கிலோ. தோளில் கட்டுப் போட்டிருந்த என் கணவர் மற்றொரு கையால் அட்டைப் பெட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு, “உன் அப்பளம்” என்றார் தங்கையிடம். அவள் சிரிக்கவில்லை. “சுவரில் மாட்டிவிடுங்கள், அண்ணா. காலில் நிற்க வைக்க வேண்டாம்” என்றாள். அவள் சொன்னதும் நியாயந்தான். இலேசான பெட்டி தலையில் விழுந்தால் வலிக்காது என்றில்லை. மெல்லிய இரண்டு காலில் நிற்பதைக் குழந்தை ஒரு விரலால் தள்ளிவிடலாம்.

பழைய பெட்டியை என்ன செய்வது? பழைய சாமான் வாங்குகிறவரைக் கூப்பிட்டோம். அவர் தராசை எடுக்கவே இல்லை.

“எடை போடவில்லையா?” என்று கேட்டேன்.

“டி.வி.க்கு எடை கிடையாதும்மா. பேப்பருக்கு எடை உண்டு, இரும்புக்கு உண்டு. இது எல்லாம் கண்ணாடி. கழுத்தில் செம்பு இருக்கும், அதை எடுத்துக்கிட்டு மீதியை உடைச்சு வாய்க்கால் ஓரம் கொட்டணும். இருநூறு ரூபாய் தரேன்.”

வீட்டிலேயே கனமான சாமான். அதற்குத்தான் எடை கிடையாது! எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த வாய்க்கால் ஓரம் என்ற வார்த்தை சிரிக்க விடவில்லை. திரைக்குள்ளே இருந்தவரை நம்மைக் காப்பாற்றிய ஈயம், உடைந்து மண்ணில் கிடந்தால் மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். ஈயம் முதலில் கெடுப்பது குழந்தைகளின் மூளையை. அந்த மனிதரும் அவர் பிள்ளையுந்தான் அதைச் சுத்தியலால் உடைக்கப் போகிறார்கள். காற்றில்லாத டியூப் உடையும்போது சில்லுகள் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

“இருநூறு ரூபாய் வருகிறதே, அண்ணி” என்றாள் நாத்தனார், அரை மனதாக.

“உன் பேரன் பிழைத்தான். அவர் வீட்டிலும் பேரன் இருப்பான் அல்லவா?” என்றேன். அவள் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மின்கழிவுகளுக்கென்று நம் நாட்டில் 2012 மே மாதத்திலிருந்தே விதிகள் அமலில் இருக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புதிய விதிகள். பதிவு பெற்றவர்கள்தாம் இவற்றைப் பிரித்தெடுக்கலாம். அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் என் நாத்தனாரின் மருமகனுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. பத்து நாள் பெட்டி கூடத்து மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பி, தண்டனை பெற்ற பிள்ளை போல உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு வண்டியும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். இருவரில் மூத்தவர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, திரைப்பக்கம் போய் நின்று, அதை மார்போடு அணைத்துக்கொண்டார். இளையவர் பின்பக்கத்தைப் பிடித்தார். “பாட்டி, டி.வி. ஊருக்குப் போகுதா?” என்று குழந்தை கேட்டது.

வண்டியில் ஒரு தராசு இருந்தது. இவர்கள் எடை போட்டார்கள். 47 கிலோ. நயாபைசா கொடுக்கவில்லை, ரசீது மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நாத்தனார் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, 2003-ல் பெட்டி வாங்கிய பில்லோடு சேர்த்து மடித்து, மேல் இழுப்பறையில் வைத்தாள். மேஜை இப்போது சுவரோடு இரண்டு இரும்புப் பட்டையால் பிணைத்திருக்கிறது. இழுப்பறைகளுக்குப் பூட்டும் உண்டு. சாவி அவள் இடுப்பில்.